வாகபாண்ட்: கோஜிரோ கதைக்கு எப்போ முடிவு?

தகேஹிகோ இனோவேயோட ‘வாகபாண்ட்’ மங்கா, அதாவது ஜப்பானிய படக்கதை, ஆங்கிலத்துல மூணு தொகுதியை ஒண்ணா சேர்த்துப் போட்ட பெரிய சைஸ் பதிப்பு, 12 புத்தகம். அதுக்கு மேல தனியா வந்த 37ஆம் தொகுதி. எல்லாத்தையும் காசு கொடுத்து வாங்கிப் படிச்சு முடிச்சிட்டுத்தான் எழுதுறேன். நான் படிச்ச மங்காவுல இதுக்கு மேல ஒண்ணு கிடையாது. என்னை இவ்ளோ ஆத்திரப்பட வச்சதும் வேற கிடையாது.

எனக்கு காசிமேட்டுல ஒரு ஐஸ் கம்பெனியில கணக்கு எழுதுற வேலை. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஐஸ் கேட்டு ஆளும் வராது. படிக்கிறதுக்கு நேரம் கிடைக்கிறதே அப்பத்தான்.

முதல்ல புத்தகத்தைப் பத்தி. பேப்பர் நல்லா இருக்கு, கலர் பக்கங்களை கலர்லயே போட்டிருக்காங்க. குறைன்னா தடிமன்தான். ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைஞ்ச படம் நடு மடிப்புக்குள்ள போய் மாட்டிக்குது, விரிச்சுப் பிடிச்சாலும் முழுசா தெரியாது. கடற்கரை பக்கம் வீடு இருக்கறவங்க பிளாஸ்டிக் உறை போட்டு வைங்க. உப்புக்காத்துல ஓரமெல்லாம் பழுத்துடுது.

கதை மியாமோட்டோ முசாஷியோடது. 17ஆம் நூற்றாண்டுல நிஜமாவே வாழ்ந்த ஜப்பானிய வாள்வீரன். எய்ஜி யோஷிகாவா 1935ல இருந்து 1939 வரைக்கும் பத்திரிகையில தொடரா எழுதின நாவலைத்தான் இனோவே கையில எடுத்தார். 1998ல ‘மார்னிங்’ வார இதழ்ல ஆரம்பிச்சார். 2002ல மங்காவுக்குக் கொடுக்கிற தெசூகா ஒசாமு விருது கிடைச்சது. நடுவுல உடம்பு சரியில்லாம நிறுத்தி, 2012ல திரும்ப வந்தார். 2015 மே மாசத்தோட 327ஆவது அத்தியாயம் வந்தது. அவ்ளோதான். அதுக்கப்புறம் ஒரு பக்கம்கூட வரல.

இந்தக் கதை போய்ச் சேர வேண்டிய இடம் எல்லாருக்கும் தெரியும். 1612, கன்ரியூ தீவு. முசாஷியும் சசாகி கோஜிரோவும் அங்கதான் மோதுறாங்க. துடுப்பைச் செதுக்கி மரக்கத்தி பண்ணிக்கிட்டு முசாஷி படகுல வந்து இறங்கினான்னு சொல்வாங்க. கோஜிரோ அங்கயே செத்துப் போறான். முடிவு தெரிஞ்ச கதையை எதுக்கு விரட்டிக்கிட்டுப் போறேன்னு கேட்கலாம். கோஜிரோதான் காரணம்.

யோஷிகாவா நாவல்ல கோஜிரோ ஒரு திமிர் பிடிச்சவன். இனோவே அவனை அப்படியே புரட்டிப் போட்டுட்டார். இவர் வரைஞ்ச கோஜிரோவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. 14ஆம் தொகுதியில முசாஷியை அப்படியே விட்டுட்டு, கடலோரத்துல தனியா கிடக்கிற ஜிசாய்னு ஒரு கிழவன்கிட்ட கதை போகுது. எரியுற கோட்டையில இருந்து பழைய சிஷ்யன் தன் கைக்குழந்தையைப் படகுல ஏத்தி அனுப்பிட்டான். அலை பொங்குது, படகு ஆடுது, கிழவன் குதிச்சு நீந்திப் போறான். உள்ளே குழந்தை, கூடவே அதைவிடப் பல மடங்கு நீளமா ஒரு வாள். தண்ணியை எப்படி வரையணும்னு அந்தப் பக்கங்களைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். தினம் அலையைப் பார்த்துட்டு வீட்டுக்கு வர்ற எனக்கே அங்க மூச்சு அடைச்சது. அந்தக் குழந்தைக்குக் காது கேட்கலைன்னு ஜிசாய்க்கு உறைக்கிற இடத்துல புத்தகத்தை மூடி வச்சுட்டு வெளியே போய் நின்னேன்.

14ல இருந்து 20 வரைக்கும் கோஜிரோதான். பெரிய பதிப்புல 5, 6, 7. சத்தமே இல்லாத ஒருத்தனுக்கு வாள்தான் பேச்சுன்னு வசனம் இல்லாமலே புரிய வைக்கிறார். பின்னாடி பனியில முசாஷியும் அவனும் குச்சியைக் கையில எடுத்துக்கிட்டு விளையாட்டா மோதுற இடம் வருது. ரெண்டு பேருக்கும் அவ்ளோ சந்தோஷம்! இந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் கையாலதான் இன்னொருத்தன் சாகப் போறான்னு தெரிஞ்சுக்கிட்டே படிக்கணும்.

முசாஷிக்கு ஒரு வகையில முடிவு கிடைச்சாச்சு. யோஷியோகா கூட்டத்து ஆளுங்க 70 பேரை ஒத்தையா வெட்டிச் சாய்ச்சவன், கடைசித் தொகுதிகள்ல இயோரிங்கிற அனாதைப் பையனோட ஒரு பஞ்சம் பிடிச்ச கிராமத்துல மண்வெட்டி பிடிச்சு நெல் விளைவிக்கிறான். ஊர் பட்டினி கிடக்கிறப்போ தலை குனிஞ்சு போய் உதவி கேட்கிறான். அதோட 2008ல டோக்கியோ உவேனோவுல நடந்த கண்காட்சியில முசாஷியோட கடைசி நாட்களையே இனோவே வரைஞ்சு வச்சுட்டார். சாவையே வரைஞ்சவர், அதுக்கு முன்னாடி நடந்த சண்டையை வரையலையே!

நெல் அறுவடைதான் நிஜமான முடிவு, ஜெயிக்கிறதுல ஒண்ணுமில்லன்னுதானே கதை சொல்லுதுன்னு சில பேர் சமாதானம் சொல்றாங்க. முசாஷிக்கு அது சரி. கோஜிரோ அந்த வயல்ல இல்லையே. ஏழு தொகுதி அவனைக் கண்ணு முன்னால வளர்த்து ஆளாக்கிட்டு, அந்தத் தீவுக்குப் பக்கத்து ஊரான கோகுரா பக்கம் கதை திரும்பின நேரத்துல அம்போன்னு விட்டுட்டாங்க. நாவல்ல முடிவு இருக்கு, அதைப் படிச்சுக்கோன்னா, அங்க இருக்கிறது இந்தக் கோஜிரோ இல்ல.

எங்க தெருவுல ஒரு தம்பி, பாக்ஸிங் கத்துக்கிறவன், என்கிட்ட ஒவ்வொண்ணா வாங்கிட்டுப் போய்ப் படிச்சான். கடைசிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், “ண்ணா, இதுக்கு அடுத்தது எங்கண்ணா?”ன்னான். “இல்லப்பா”ன்னேன். “இன்னாண்ணா சொல்ற, அந்தக் காது கேக்காதவன் இன்னா ஆனான்?”னு வாசல்லயே நின்னுட்டான்.

இனோவே மேல எனக்கு மரியாதை குறையல. உடம்பும் மனசும் ஒத்துழைக்காம வரைய முடியாது, அவசரத்துல முடிச்சிருந்தா இதைவிட நொந்திருப்பேன். 2022ல தன்னோட ‘ஸ்லாம் டங்க்’ கதையை அவரே படமா இயக்கினார், அதுக்கும் சந்தோஷம்தான். ஆனா 37ஆம் தொகுதிக்கு அப்புறம் இதழ்ல வந்த கடைசி 5 அத்தியாயம் இன்னும் புத்தகமாவே வரல. புதுசா ஒண்ணும் வரைய வேணாம், வந்ததையாவது அச்சடிச்சுக் கொடுங்க.

வாங்கலாமான்னு கேட்டா, வாங்குங்க. ஒரு புத்தகம் ஆயிரம் ரூபாய்க்கு மேல ஆகுது, மொத்தமா வாங்க முடியாதவங்க 1ல இருந்து 9 வரைக்கும் வாங்கினா போதும். 70 பேர் சண்டை 9ல முடியுது. 10க்கு மேல போறவங்க, முடிவு இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே போங்க. வரைஞ்ச படங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு. தொடருக்கு மூணரைதான் கொடுப்பேன், தீவுச் சண்டை வந்தா மாத்திக்கிறேன்.