தனியாக இருக்கும் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா?

வின்சென்ட் தே பவுல் சபை என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பை 1833-ல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் நண்பர்களோடு தொடங்கினார். அன்றிலிருந்து ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. புதுச்சேரிப் பங்குகளிலும் (தேவாலய வட்டாரங்களிலும்) அப்படித்தான். சபையினர் அரிசிப் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்து பேசுவார்கள், மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்று பார்ப்பார்கள், "பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுத்தாச்சா பாட்டி?" என்று கேட்பார்கள். நெல்லித்தோப்பில் தனியாக இருக்கும் பாட்டிக்கு அந்த அரைமணிப் பேச்சுதான் பெரிசு, அரிசியெல்லாம் அப்புறம்.

சரி, நடுராத்திரி வழுக்கி விழுந்தால்? அங்கேதான் கன்னியர் (துறவறச் சகோதரிகள்) நடத்தும் முதியோர் இல்லம் மேல்: வேளைக்குச் சாப்பாடு, கூப்பிட்டால் ஆள். பழகிய தெருவும் அக்கம்பக்கமும் போய்விடும், அதுதான் குறை.

நடமாட முடிகிறவரை வீடே போதும் என்பேன். படுத்த படுக்கையானவருக்கு, அதுவும் ஐப்பசி மழையில் ஒழுகும் வீடென்றால், இல்லம்தான்.