ஏபி லாங்குவேஜ் தேர்வுக்குப் பழைய வினாக்களும் மாதிரி விடைகளும்: சில ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் பதினோராம் வகுப்பில் எடுக்கப்படும், ‘ஏபி’ (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்னும் கல்லூரித் தரப் பாடங்களுள் ஒன்றான ‘ஏபி இங்கிலீஷ் லாங்குவேஜ் அண்ட் காம்பொசிஷன்’ பாடத்தை எங்கள் வீட்டில் முதலில் மகளும், சில ஆண்டுகள் கழித்து மகனும் படித்தார்கள். மகள் தாளில் எழுதிய அதே தேர்வை மகன் 2025 மே மாதத்தில் ப்ளூபுக் என்னும் தேர்வுச் செயலியில் தட்டச்சு செய்து எழுதினான். இருவருக்கும் நாங்கள் பயன்படுத்தியவற்றுள் நிலைத்து நின்றது, இந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தன் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி இலவசமாக வைத்திருக்கும் பழைய கட்டுரை வினாக்களின் தொகுப்புதான். ஒவ்வோர் ஆண்டின் வினாவுடனும் உண்மையான மாணவர்கள் எழுதிய விடைகள் சில, அவை பெற்ற மதிப்பெண், அந்த மதிப்பெண்ணுக்கான காரணத்தைச் சொல்லும் குறிப்பு ஆகியவையும் இருக்கின்றன. பிள்ளைகளை இந்தப் பாடத்தில் சேர்க்க எண்ணும் பெற்றோருக்கும், படிக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் இந்த அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தேர்வின் அமைப்பை அறியாமல் இந்தத் தொகுப்பின் அருமை விளங்காது. ஒரு மணி நேரத்தில் 45 கொள்குறி வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும்; அந்தப் பகுதிக்கு 45 விழுக்காடு. அடுத்த 2 மணி 15 நிமிடங்களில் மூன்று கட்டுரைகள் எழுத வேண்டும். அவற்றுக்கு 55 விழுக்காடு. தரப்பட்ட ஆதாரங்களைக் கோத்து எழுதும் சிந்தசிஸ், ஓர் உரையையோ கடிதத்தையோ ஆராயும் ரெட்டோரிக்கல் அனாலிசிஸ், சொந்த நிலைப்பாட்டை நிறுவும் ஆர்கியூமென்ட் என்பவை அந்த மூன்று. ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளிகள்: தீசிஸ் எனப்படும் மையக் கருத்துக்கு 1, சான்றுகளுக்கும் அவற்றைப் பற்றிய விளக்கத்துக்கும் சேர்த்து 4, சிந்தனையின் நுட்பத்துக்கு 1. ஆறில் நான்கு புள்ளிகள் சான்றிலும் விளக்கத்திலும் இருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எதற்கு எவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்பது தானாகவே புலப்படும்.

மகள் படித்த காலத்தில் கட்டணம் செலுத்திச் சேர்ந்த ஒரு பயிற்சி வகுப்பில், பேச்சிலும் எழுத்திலும் வரும் அணிகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். அனாஃபோரா, ஆன்டிதீசிஸ், சினெக்டக்கி, லிட்டோட்டீஸ் என்று நீண்ட அந்தப் பட்டியலை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்வதிலேயே முதல் பருவம் கழிந்தது. பெயர்களை அறிவதில் தவறொன்றும் இல்லை. ஆயினும் மாதிரி விடைகளைத் தொடர்ந்து படிக்கப் படிக்க, அணியின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும் கட்டுரைகள் குறைந்த புள்ளிகளிலேயே தங்கிவிடுவதையும், பெயரே சொல்லாமல் பேச்சாளர் என்ன செய்கிறார், யாரிடம் செய்கிறார், அந்த வேளையில் அதை ஏன் செய்கிறார் என்று விளக்கும் கட்டுரைகள் மேலே செல்வதையும் கண்கூடாகப் பார்த்தோம். இந்தத் தேர்வு கேட்பது அணியின் பெயரை அல்ல, அதன் வேலையை.

இதற்கு நாங்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டது 2011ஆம் ஆண்டு வினாவில் வந்த, அமெரிக்கச் சமூகச் சீர்திருத்தவாதி ஃப்ளாரன்ஸ் கெல்லியின் உரை. 1905 ஜூலை 22 அன்று பிலடெல்ஃபியாவில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் சங்கத்தின் மாநாட்டில், குழந்தைத் தொழிலாளர் கொடுமையைப் பற்றி அவர் பேசினார். நாம் உறங்கிக்கொண்டிருக்கும்போது ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஆலைகளில் இரவெல்லாம் வேலை செய்வார்கள் என்ற கருத்தை, ‘நாம் உறங்கும்போது’ என்னும் தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி நிறுவுகிறார். இதை அனாஃபோரா என்று எழுதி, இது கேட்போர் உணர்ச்சியைத் தூண்டுகிறது என்று முடித்தால் அது எந்த உரைக்கும் பொருந்தும் வாக்கியமாகிவிடுகிறது. எதிரே அமர்ந்திருந்தவர்கள் வாக்குரிமை இல்லாத பெண்கள். அந்தச் சிறுமிகள் நெய்த துணிகளை வாங்கி உடுத்துபவர்களும் அவர்களே. ‘நாம்’ என்ற சொல்லால் கெல்லி தம்மையும் சேர்த்து அவர்களை அந்தக் கொடுமையின் பயனாளிகளாக நிறுத்துகிறார். பிறகு, ஜார்ஜியாவின் தாய்மாருக்கும் ஆசிரியைகளுக்கும் வாக்கு இருந்திருந்தால் அந்தச் சட்டமன்றம் இப்படி வாளாவிருந்திருக்குமா என்று கேட்கும்போது, குற்ற உணர்வு அப்படியே வாக்குரிமைக்கான காரணமாக மாறுகிறது. கேட்போர் ஏற்கெனவே விரும்பும் ஒன்றோடு, தாம் விரும்பும் மற்றொன்றை அவர் பிணைத்துவிடுகிறார். இந்தப் பிணைப்பைக் கண்டுபிடித்த நாளில் மகள் அட்டைகளை ஒதுக்கி வைத்தாள். நாங்கள் வாழும் நியூஜெர்சியும் அந்த உரையில் கண்டிக்கப்படுகிறது என்பதால் அது அவளுக்கு இன்னும் நெருக்கமாயிற்று.

2019ஆம் ஆண்டு வினா வேறொரு பாடத்தைக் கற்பித்தது. உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன் 1930இல் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தின் இறுதிப் பகுதி அதில் தரப்பட்டிருந்தது. இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது எளிதாக இருக்கும் என்று பலர் நினைக்கக்கூடும். ஆனால் வரலாறு தெரிந்த பிள்ளை கடிதத்தை விட்டுவிட்டு வரலாற்றை எழுதத் தொடங்கிவிடும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. தாம் எந்தச் சட்டத்தை எந்த நாளில் மீறப்போகிறோம் என்பதை ஆட்சியாளருக்கே முன்கூட்டி அறிவித்து, இது மிரட்டல் அன்று என்றும் சொல்லி, ஆங்கிலேயர் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை என்று உறுதியும் கூறும் ஒருவரின் பணிவு, எதிராளிக்கு வன்முறையைக் காரணம் காட்டும் வாய்ப்பையே இல்லாமல் செய்துவிடுகிறது. இதைக் கடிதத்தின் சொற்களிலிருந்தே காட்ட வேண்டும். தண்டி யாத்திரை பற்றிய செய்திகளை அடுக்குவதால் ஒரு புள்ளியும் கூடுதலாகக் கிடைக்காது. மகனுக்கு இதைப் புரியவைப்பதற்கு, நடுத்தரப் புள்ளியோடு நின்றுவிட்ட ஒரு மாதிரி விடையையும் உயர்ந்த புள்ளி பெற்ற ஒன்றையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொன்னதே போதுமானதாக இருந்தது. நான் சொல்லியிருந்தால் அது அறிவுரையாகப் போயிருக்கும்.

இலக்கணத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்தத் தேர்வில் நேரடியான இலக்கண வினாக்கள் பெரிதாக இல்லை. கொள்குறிப் பகுதியில் ஏறக்குறைய பாதி வினாக்கள், ஒரு வரைவில் எந்த வாக்கியத்தை எங்கே சேர்க்கலாம், எந்த இணைப்புச் சொல் பொருந்தும் என்பது போன்ற திருத்த வினாக்கள். கட்டுரைகளில், பொருள் புரியாதபடி குறுக்கிடும் பிழைகள் இருந்தால் சான்றுப் பகுதியின் நான்காவது புள்ளி கிடைக்காது என்று மதிப்பீட்டு விதி கூறுகிறது. அவசரத்தில் நேரும் சிறு பிழைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சிகளைவிட, பிள்ளை எழுதிய கட்டுரையிலிருந்தே சில வாக்கியங்களை எடுத்துச் செப்பனிடுவது எங்களுக்குப் பல மடங்கு பயன் தந்தது. இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டுவது, ‘திஸ்’ (இது) என்று தொடங்கிவிட்டு எதைச் சுட்டுகிறோம் என்று தெளிவாக்காமல் விடுவது, மேற்கோளை வாக்கியத்துக்குள் பொருத்தாமல் தனியே தொங்கவிடுவது ஆகிய மூன்றும் எங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப வந்தவை. அதைவிட முக்கியமாக, ‘ஆல்தோ’ (இருந்தபோதிலும்) என்று தொடங்கும் துணை வாக்கியத்தைக் கையாளத் தெரிந்த பிறகு மகனின் தீசிஸ் வாக்கியங்களே மாறின. எதிர்த்தரப்பின் நியாயத்தைத் துணை வாக்கியத்திலும் தன் முடிவை முதன்மை வாக்கியத்திலும் வைக்கத் தெரிந்தவனுக்கு, வாதத்தின் எலும்புக்கூடு ஒரே வரியில் கிடைத்துவிடுகிறது. இலக்கணமும் வாதமும் இரு வேறு பாடங்கள் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் நீங்கியது.

ஆர்கியூமென்ட் கட்டுரைக்கு வெளியாதாரம் எதுவும் தரப்படுவதில்லை. படித்தது, பார்த்தது, வாழ்ந்தது ஆகியவற்றிலிருந்து மாணவரே சான்றுகளைக் கொண்டுவர வேண்டும். தமிழ்ப் பள்ளி மேடையில் பட்டிமன்றம் பேசிப் பழகிய பிள்ளைகளுக்குத் தயக்கமின்றிப் பேசும் திறன் வந்துவிடுகிறது. ஆனால் பட்டிமன்றத்தில் ஏதேனும் ஓர் அணியில் நின்றே ஆக வேண்டும். இங்கே ‘இந்த அளவுக்குச் சரி, இந்தச் சூழலில் சரியன்று’ என்று எல்லை வகுத்துச் சொல்வது முழுமையாக ஏற்கப்படுகிறது, பல நேரங்களில் அதுவே சிறந்த கட்டுரையாகவும் அமைகிறது. 2022ஆம் ஆண்டு வினாவில், முழுத் தகவலும் கைக்கு வரும்வரை காத்திராமல் முடிவெடுப்பது பற்றி அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் கூறிய கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்று கேட்டிருந்தார்கள். ‘எந்த அளவுக்கு’ என்ற கேள்விக்கே விடை எழுத வேண்டும் என்பதை உணர்ந்த மாணவர்கள், மருத்துவர் முடிவெடுப்பதையும் நீதிபதி முடிவெடுப்பதையும் பிரித்துப் பேச முடியும். எல்லோரும் எடுக்கும் இரண்டு மூன்று வரலாற்று நாயகர்களின் பெயர்களையே எல்லா வினாக்களுக்கும் பயன்படுத்துவதை நான் ஊக்குவிக்கவில்லை. தனக்கு நன்கு தெரிந்த ஒரு சிறிய செய்தியை ஆழமாக விளக்குவது எப்போதும் மேலானது.

சிந்தசிஸ் கட்டுரைக்கு அதிகம் உழைக்க வேண்டியிருக்கவில்லை. ஆறு ஆதாரங்களில் குறைந்தது மூன்றையாவது பயன்படுத்த வேண்டும். ஆதாரங்களைச் சுருக்கி எழுதாமல் அவற்றைத் தன் வாதத்துக்குப் பணி செய்ய வைத்தால் போதும்.

இந்தத் தொகுப்பால் நிரம்பாத இடங்களும் உண்டு. கொள்குறி வினாக்கள் பொதுவெளியில் அதிகம் கிடைப்பதில்லை; அவற்றுக்கு ஏபி கிளாஸ்ரூம் என்னும் காலேஜ் போர்டின் இணையப் பயிற்சித் தளம் தேவை, அதில் பலவற்றை ஆசிரியர் திறந்துவிட்டால்தான் மாணவர் பயன்படுத்த முடியும். ஆகவே ஆண்டின் தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் மரியாதையுடன் கேட்டு வைப்பது நல்லது. நுட்பத்துக்கான அந்த ஒரு புள்ளியை எப்படிப் பெறுவது என்பதும் குறிப்புகளைப் படித்து முழுமையாகப் பிடிபடுவதில்லை. அதற்காக அலங்காரச் சொற்களைத் தேடி ஓடாமல், மற்ற ஐந்து புள்ளிகளை உறுதி செய்துகொள்ளுமாறு இருவரிடமும் சொன்னேன்.

தாளிலிருந்து திரைக்கு மாறியதில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. மகள் உரையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே படித்தாள். மகன் ப்ளூபுக்கில் உள்ள வண்ணமிடும் வசதியையும் குறிப்பெழுதும் வசதியையும் முன்னோட்டத் தேர்வுகளில் பழகிக்கொண்டான். திரையில் வாக்கியங்களை இடம் மாற்றுவது எளிது என்பதால் எழுதிக்கொண்டே யோசிக்கும் ஆசை வரும். அதைத் தடுக்க, விசைப்பலகையைத் தொடுமுன் தீசிஸையும் பத்திகளின் வரிசையையும் வெற்றுத் தாளில் எழுதும் வழக்கத்தை வைத்துக்கொண்டோம்.

பழைய ஆண்டுகளுக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 6 புள்ளி முறை 2019–20 கல்வியாண்டில் வந்தது. அதற்கு முன் 9 வரையிலான ஒட்டுமொத்த மதிப்பீடு இருந்தது. ஆகவே கெல்லியின் உரை போன்ற பழைய வினாக்களைத் தயங்காமல் எழுதிப் பார்க்கலாம், ஆனால் திருத்தும்போது இன்றைய மதிப்பீட்டு அட்டவணையையே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாதிரி விடைகளுக்கு முதலில் 2021க்குப் பிந்தைய ஆண்டுகளை எடுத்து, மதிப்பெண்ணை மறைத்துப் பிள்ளையையே புள்ளியிடச் சொல்லி, பிறகு குறிப்பைத் திறந்து ஒப்பிடுவது நாங்கள் கைக்கொண்ட முறை.