ரெடிமேட் பூட் பென்டிரைவ் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

"எல்லா ஓஎஸ்ஸும் ஒரே பென்டிரைவில், செருகினால் போதும்" என்று ஆன்லைனில் பூட் பென்டிரைவ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஓஎஸ்ஸை நிறுவ உதவுவது) விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். எனக்கு வந்ததில் கொள்ளளவு பொய். உள்ளே இருந்த விண்டோஸில் யாரோ கைவைத்திருந்தார்கள். கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில் அதைவிட மோசம். அதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

லேப்டாப்பின் டிஸ்க் செத்துப்போய் புது எஸ்எஸ்டி மாட்டியிருந்தேன். விண்டோஸ் போட வேண்டும், ஆனால் பூட் டிரைவ் தயாரிக்க அப்போது கைவசம் வேறு கம்ப்யூட்டர் இல்லை. இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்களை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. 128 ஜிபி என்று அச்சிட்ட பென்டிரைவ் வந்தது, கூடவே ஒரு துண்டுச் சீட்டு: செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் இல்லாதது பூட் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்பு) அணைக்கவும், நிறுவி முடித்ததும் ஆன்ட்டிவைரஸ் எதுவும் போட வேண்டாம். அந்த இரண்டாவது வரி எதற்கு என்பது அப்புறம்தான் புரிந்தது.

செருகி ஆன் செய்தால் வந்தது வென்டாய் மெனு. ஒரே பென்டிரைவில் பல ஓஎஸ்களை வைத்து மெனுவில் தேர்ந்தெடுக்க உதவும் வென்டாய், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் கருவி. அதற்குத் தன் லோகோவை ஒட்டி, சொந்தத் தயாரிப்பு போல விற்கிறார். சரி, அதைக்கூட விட்டுவிடலாம். விண்டோஸ் 11-ஐத் தேர்ந்தெடுத்தபோது, தேவையான ஃபைல்களை நிறுவ முடியவில்லை என்று பாதியில் நின்றது. விண்டோஸ் 10 மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திக்கொண்ட பதிப்பு அது.

ஏறாமல் நின்றதைவிட ஒழுங்காக ஏறியதுதான் ஆபத்து. டெஸ்க்டாப் வந்ததுமே விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருந்தது, நான் எந்த லைசென்ஸ் கீயும் கொடுக்கவில்லை. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய்ப் பார்த்தால், சி டிரைவ் முழுவதுமே எக்ஸ்க்ளூஷன் (ஸ்கேன் செய்யாமல் விட்டுவிடும்) பட்டியலில் இருந்தது. அதாவது விண்டோஸின் சொந்த ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டர் ஓடும், ஆனால் எதையும் பார்க்காது.

வெளியூர் போயிருந்த நண்பர் திரும்பியதும் அவருடைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகினேன். விண்டோஸ் 10 ஐஎஸ்ஓவை (நிறுவல் ஃபைல்கள் எல்லாம் அடங்கிய ஒற்றை ஃபைல்) திறந்தபோது, சோர்சஸ் ஃபோல்டருக்குள் ஓஈஎம் என்ற பெயரில் இன்னொரு ஃபோல்டர். மைக்ரோசாஃப்ட் தரும் ஐஎஸ்ஓவில் அது இருக்காது. அதற்குள் செட்அப்கம்ப்ளீட் என்றொரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு). கம்ப்யூட்டர் தயாரிப்பவர்களின் வசதிக்காக விண்டோஸில் உள்ள ஏற்பாடு இது: நிறுவல் முடிந்ததும், நீங்கள் லாகின் செய்வதற்கு முன்பே, சிஸ்டத்தின் முழு அதிகாரத்தோடு ஓடும். டிஃபெண்டரைக் குருடாக்கியதும், கள்ளத்தனமாக ஆக்டிவேட் செய்யும் ஆக்டிவேட்டரை, தானாக ஓடும் ஷெட்யூல்டு டாஸ்க்காக ஒளித்துவைத்ததும் இதுதான். வேறு என்னென்ன இறக்கியது என்று முழுவதும் தேடிப்பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. டிஸ்க்கையே துடைத்துவிட்டேன்.

அப்புறம் ஃபைல்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, பென்டிரைவின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 கருவியை ஓட்டினோம். 128 ஜிபி என்றது உண்மையில் 16 ஜிபிகூட இல்லை. இந்தப் போலிகளில் பென்டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பே கம்ப்யூட்டரிடம் பொய் அளவைச் சொல்கிறது. உண்மையான மெமரி தீர்ந்த பிறகும் காப்பி ஆவது போலவே தெரியும், ஃபைல் பெயரும் அளவும் சரியாகக் காட்டும், உள்ளே மட்டும் குப்பை. விண்டோஸ் 11 பாதியில் நின்றதற்குக் காரணம் அதுதான். விண்டோஸில் இதே சோதனைக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ இருக்கிறது. எந்தப் புதுப் பென்டிரைவ் வாங்கினாலும் முதலில் இதில் ஒன்றை ஓட்டிவிடுங்கள்.

விற்றவரிடம் கேட்டால், "உங்க மதர்போர்டு பழசு சார், லெகஸி மோடுக்கு மாத்துங்க" என்றார், அதாவது பழைய பூட் முறைக்கு. ஸ்கிரிப்டைப் பற்றிக் கேட்டதற்கு, ஃப்ரீயாக ஆக்டிவேஷன் தருகிறோமே, அதற்கு அது வேண்டும் என்றார். விற்பனைத் தளமோ டிஜிட்டல் உள்ளடக்கத்துக்கு ரீஃபண்ட் கிடையாது என்று முடித்துக்கொண்டது. 16-ஐ 128 என்று அச்சடித்ததில் டிஜிட்டல் உள்ளடக்கம் எங்கே வந்தது என்று திரும்பக் கேட்டேன். பதில் இல்லை.

இதற்கு ஆகும் செலவும் அலைச்சலும் இல்லாமல் நாமே செய்துகொள்ளலாம். விண்டோஸ் மட்டும் வேண்டும், விண்டோஸ் உள்ள வேறொரு கம்ப்யூட்டர் கிடைக்கும் என்றால், மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் போதும். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஐஎஸ்ஓ ஏற்கனவே கையில் இருந்தாலோ, யூஈஎஃப்ஐ (புதிய பூட் முறை) இல்லாத பழைய கம்ப்யூட்டருக்கு எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் தயாரிக்க வேண்டும் என்றாலோ, ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ். அடிக்கடி பல ஓஎஸ் போடுகிறவர்களுக்கு வென்டாய் உண்மையிலேயே நல்ல கருவி, அதன் மேல் எனக்கு வருத்தமில்லை. அதற்காக செக்யூர் பூட்டை அணைக்கவும் தேவையில்லை, முதல்முறை கேட்கும்போது அதன் கீயைப் பதிவு செய்தால் போதும். எட்சர் என்ற இன்னொரு எழுதும் கருவி லினக்ஸ் ஐஎஸ்ஓக்களுக்குச் சரி, விண்டோஸுக்குச் சரிவராது. ஃபைல்களை இழுத்துப் போட்டு நாமே காப்பி செய்யும் முறையை விண்டோஸுக்கு நான் சொல்லவே மாட்டேன். ஃபேட்32 என்ற பென்டிரைவ் ஃபார்மட்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் நிற்காது, விண்டோஸின் முக்கிய நிறுவல் ஃபைலான இன்ஸ்டால் டாட் விம் இப்போதெல்லாம் அதைத் தாண்டிவிடுகிறது.

கையில் போன் மட்டும்தான் இருக்கிறதா? எட்ச்ட்ராய்ட் என்ற ஆண்ட்ராய்டு ஆப், போனில் பென்டிரைவைச் செருக உதவும் ஓடிஜி கேபிள் வழியாக லினக்ஸ் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதிவிடும். அந்த லினக்ஸை லைவாக (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே) ஓட்டி, அதிலிருந்தே இன்னொரு பென்டிரைவில் வென்டாய் போட்டு, விண்டோஸ் ஐஎஸ்ஓவை இறக்கிக்கொள்ளலாம். சுற்றுவழிதான், ஆனால் எந்த ஸ்கிரிப்டும் ஒட்டிக்கொண்டு வராது. இது தெரிந்திருந்தால் அந்த விளம்பரத்தின் பக்கமே போயிருக்க மாட்டேன்.

கருவிகளை இறக்கும்போதும் கவனம் வேண்டும். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பை அமுக்காதீர்கள். ரூஃபஸின் தளம் ரூஃபஸ் டாட் ஐஇ. அது நிறுவத் தேவையில்லாத ஒரே ஒரு சின்ன ஃபைல். ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் அகியோ கன்சல்டிங் பெயரில் இருக்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று இன்ஸ்டாலர் ஓடினால் அது ரூஃபஸ் இல்லை.

ஐஎஸ்ஓ இறங்கியதும் அதன் எஸ்ஹெச்ஏ256 ஹாஷை (ஃபைலின் கைரேகை போன்ற எண்) தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் டவுன்லோடு பக்கத்திலேயே தருகிறது. லினக்ஸ் என்றால் ஜிபிஜி கையொப்பத்தையும் (வெளியிடுபவர் தன் ரகசியக் கீயால் போடுவது) பார்ப்பது நல்லது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்தையே உடைத்து, 17.3 சினமன் பதிப்பின் இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தைக் கைப்பற்றியவனால் அங்கே போட்டிருக்கும் ஹாஷையும் மாற்ற முடியும், கையொப்பத்தை மாற்ற முடியாது.

ஏற்கனவே இப்படி வாங்கி நிறுவிவிட்டவர்கள் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில், நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் ஆக்டிவேட் ஆனது என்று ஆங்கிலத்தில் இருந்தால் கள்ள ஆக்டிவேட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். எக்ஸ்க்ளூஷன் பட்டியலையும் பாருங்கள். ஸ்கேன் செய்து சமாளிக்க வேண்டாம். தேவையான படங்கள், ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்க்கைத் துடைத்து மறுபடி நிறுவுங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றுவதை அதே கம்ப்யூட்டரில், துடைப்பதற்கு முன் செய்யாதீர்கள். மாற்றியதும் களவு போகும்.