தெற்கே வேன், வடக்கே சொந்த வண்டி: புதுச்சேரியிலிருந்து ஒரு நாள் கடலோரப் பயணம்

கோயம்புத்தூரிலிருந்து அத்தை குடும்பம் வந்தால் முதல் நாள் மணக்குள விநாயகர், பீச் ரோடு. இரண்டாம் நாள் ஆரோவில். மூன்றாம் நாள் காலையில்தான் அந்தக் கேள்வி வரும்: "ஒரு நாள் முழுக்க கடலோரமாவே போயிட்டு வரலாமாடா?"

புதுச்சேரியில் இதற்கு இரண்டு திசை உண்டு. வடக்கே ஈசிஆரில் மரக்காணம், ஆலம்பரை, மாமல்லபுரம். தெற்கே கடலூர், பிச்சாவரம், சிதம்பரம். பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வழிகாட்டியோடு போகும் வேன் இரண்டு பக்கமும் கிடைக்கிறது. இரண்டிலும் போயிருக்கிறேன், அதே சாலைகளில் ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலும் போயிருக்கிறேன். தெற்கே போவதென்றால் வேனுக்குக் கொடுக்கும் பணம் தகும். வடக்கே தகாது.

வடக்குப் பக்கம் எல்லாம் கண்ணுக்கு நேரே இருக்கிறது. மரக்காணத்து உப்பளம் சாலையை ஒட்டியே விரிந்து கிடக்கும். பாத்தி ஓரத்தில் குவித்த உப்பை வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கிடைத்து, 1760இல் ஆங்கிலேயர் இடித்த கோட்டை அது. இடிந்த மதிலும் கழிமுகமும் தாமாகவே பேசும், அங்கே அவசரமில்லாமல் உட்கார நேரம்தான் வேண்டும். நான் போன வேன் அந்த நேரத்தைத்தான் கொடுக்கவில்லை. கோட்டையில் கால் மணி, வழியில் ஒரு கைவினைக் கடையில் முக்கால் மணி. மாமல்லபுரத்தில் இறங்கினால் அங்கேயே வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அப்புறம் வேன் எதற்கு? வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் விடியலில் கிளம்பி, பிடித்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போகலாம். ஓட்டத் தெரியாதவர்களுக்கு ஈசிஆர் வழியாகப் போகும் சென்னை பஸ் இருக்கிறது.

தெற்குச் சாலை அப்படியில்லை. லாரியும் பஸ்ஸும் நெரிக்கும் தேசிய நெடுஞ்சாலை அது. கடல் பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படாது. பார்க்க வேண்டியவை எல்லாம் உள்ளே தள்ளி, பெயர்ப்பலகை இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம், எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை. போன வருடம் ஸ்கூட்டரில் போனபோது பழைய துறைமுகமான அரிக்கமேடு, கடலூர் என்று வழியில் வந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டே போய், சிதம்பரம் சேரும்போது பன்னிரண்டு இருபது. நடை சாத்தியாகிவிட்டது. இனி மாலைதான். கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வேன் வழிகாட்டி வரிசையைத் தலைகீழாக மாற்றியிருந்தார். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, எங்கும் நிற்காமல் நேரே பிச்சாவரம். வெயில் ஏறுவதற்குள் படகில் இருந்தோம். துடுப்புப் படகைத்தான் எடுக்கச் சொன்னார். மோட்டார் படகு அகலமான நீர்ப்பாதையோடு நின்றுவிடும். கிளைகள் தலையில் உரசும் குறுகிய வாய்க்காலுக்குள் துடுப்புப் படகுதான் போகும். வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. சுரபுன்னையின் காய் மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குகிறது. விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

அத்தை கரையோரக் கிளை ஒன்றை எட்டிப் பிடிக்கப் போனார்.

"அம்மா, அதைத் தொடாதீங்க. தில்லை மரம். பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து."

அத்தையின் கை அப்படியே நின்றது. "தில்லைன்னா... சிதம்பரம் தில்லையா?"

"அதேதாம்மா. ஊருக்குப் பேர் குடுத்த மரம். இப்போ அதைப் பார்க்கணும்னா இங்கதான் வரணும்."

பத்தே முக்காலுக்கு நடராஜர் சந்நிதியில் நின்றபோது அத்தை அந்த மரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். சொந்தக் காரில் போயிருந்தால் காடு தனி, கோயில் தனி என்று இரண்டு இடம் பார்த்துவிட்டு வந்திருப்போம்.

மதியம் சம்பா சாதம், கொத்சு. திரும்பும் வழியில் முட்லூர் தாண்டும்போது வழிகாட்டி கிழக்கே கையைக் காட்டி, 1781இல் ஐதர் அலி ஆங்கிலேயரிடம் தோற்ற பரங்கிப்பேட்டை அந்தப் பக்கம் என்றார். கடலூரில் தேவனாம்பட்டினம். 1690இல் ஆங்கிலேயக் கும்பினியார் இங்கே செயின்ட் டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். அவை குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயரைக் கடலூர் டவுன் பஸ்ஸில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன்; அந்தக் குண்டு எது என்று அன்றுதான் தெரிந்தது.

கடைசியாக, வெயில் சாய்ந்த பிறகு அரிக்கமேடு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் தோப்பு, நடுவே பாழடைந்த செங்கல் சுவர். ஸ்கூட்டரில் வந்தபோது ரோமானியர் கட்டியது என்று நம்பி அதைத்தான் படம் எடுத்துப் போனேன். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய குருமடம். 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடியின் உடைசல்கள் கிடைத்த குழிகள் மூடப்பட்டு, நம் காலுக்கு அடியில் இருக்கின்றன. வழிகாட்டி தரையிலிருந்து நகம் அளவு ஓட்டுச் சில்லு ஒன்றைக் காட்டினார். எடுத்து, அத்தையின் உள்ளங்கையில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

பஸ்ஸில் போவது தெற்கே மலிவு. சிதம்பரத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு, அங்கிருந்து பிச்சாவரத்துக்கு டவுன் பஸ். ஆனால் ஒரே நாளில் காட்டையும் கோயிலையும் முடிக்கலாம், கடலூரும் அரிக்கமேடும் கைவிட்டுப் போகும். வாடகைக் கார் முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கும் சரி. அவர்களால் மற்றவர்களின் நேரத்துக்கு ஓட முடியாது. அப்படிப் போனாலும் வரிசையை மாற்றாதீர்கள்: காடு, கோயில், அப்புறம் மற்றவை.

வேன் பதிவு செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள். வழியில் கடைக்குக் கூட்டிப் போவார்களா, படகுக் கட்டணம் சேர்த்தா தனியா, வழிகாட்டி இந்தப் பக்கத்து ஆளா. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் படகை நிறுத்திவிடுவார்கள், அப்போது முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.