கடல்நீர்த் தொட்டியைப் படமெடுக்க மேக்ரோ லென்ஸும் ஆரஞ்சு ஃபில்டரும்: நீண்ட நாள் அனுபவம்

என் பவளத் தொட்டியைப் பல வருடங்களாக ஒரு 100 மி.மீ. மேக்ரோ லென்ஸையும் அதன் முன்னால் மாட்டும் ஆரஞ்சு ஃபில்டரையும் வைத்துத்தான் படமெடுத்து வருகிறேன். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், தயங்காமல் ஃபில்டரைத்தான் சொல்வேன்.

காரணம் நீல வெளிச்சம். பவளத் தொட்டிக்கான எல்.இ.டி. விளக்குகளின் பலம் பெரும்பாலும் 420 முதல் 460 நானோமீட்டர் வரைதான் இருக்கும். பவளத்திலுள்ள ஒளிர் புரதங்கள் அந்த நீலத்தை உள்வாங்கி, பச்சையாகவும் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் திருப்பி விடுகின்றன. நம் கண் கொஞ்ச நேரத்தில் நீலத்துக்குப் பழகி அந்த நிறங்களைப் பிரித்துப் பார்த்துவிடும். கேமராவுக்கு அது முடியாது. நீலம் பொங்கி வழிந்து, சிவப்பு ஏறக்குறையக் காலியாகவே இருக்கும். வொயிட் பேலன்ஸை, அதாவது கேமராவின் நிறச் சமன் அளவை, ஏற்றலாம் என்றால், பல கேமராக்களில் 10,000 கெல்வினோடு நின்றுவிடுகிறது. ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) எடுத்தாலும், நீலம் நிரம்பி வழிந்த இடத்தில் தொலைந்த விவரத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. ஃபில்டர் அந்த நீலத்தை லென்ஸுக்கு வெளியிலேயே தடுத்துவிடுகிறது.

முதல்முறை ஃபில்டர் மாட்டி சோவாந்தஸ் என்ற பொத்தான் வடிவப் பவள வகையின் ஒரு கூட்டத்தை எடுத்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. அதுவரை நீலத் திட்டாக மட்டுமே படத்தில் விழுந்துகொண்டிருந்த பாலிப்கள் என்ற சிற்றுயிர்களில் ஆரஞ்சு வட்டு, அதைச் சுற்றிப் பச்சை வளையம், விளிம்பில் மெல்லிய தொடுகொம்புகள் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. விளக்கு முழு நீலத்தில் இருந்தால் அடர்ந்த ஆரஞ்சு, வெள்ளை கலந்திருந்தால் மஞ்சளே போதும். அடர்த்தி கூடினால் பச்சை மஞ்சளாகிவிடும், ஊதா செத்துவிடும். நீல டேங் மீன் சாம்பல் பூத்துப்போகும். அதனால் மீன்களை எடுக்கும்போது ஃபில்டரைக் கழற்றிவிட்டு விளக்கில் வெள்ளையைக் கூட்டிக்கொள்வேன்.

மொபைலுக்கும் கிளிப் வகை ஃபில்டர்கள் உண்டு, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் கிட்டே போனதும் மொபைல் தானாக வேறு லென்ஸுக்குத் தாவினால் ஃபில்டர் பயனற்றுப்போகும். அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

லென்ஸைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒன்று மட்டும் பழக வேண்டும்: லென்ஸ் கண்ணாடிக்கு நேராக, செங்குத்தாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீரும் கண்ணாடியும் ஒளியை வளைத்து, ஓரங்களில் நிறம் பிரிந்து படம் இழுபட்டுத் தெரியும். பவளத்துக்கு ட்ரைபாட், லென்ஸ் துளை எஃப் 8 முதல் 11 வரை, அறை விளக்கு அணைப்பு. நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரையும், தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்பையும் நிறுத்தி, மிதக்கும் தூசு அடங்கும்வரை பொறுத்திருந்தால் படம் துலங்கும். நிறுத்துவதற்கு முன், திரும்பி வரும் தண்ணீர் சம்ப்பில் (கீழே இருக்கும் துணைத் தொட்டி) கொள்ளுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பம்பை மறக்காமல் போட்டுவிடுங்கள், ஆக்சிஜன் விஷயம்.

மீனுக்குக் குறைந்தது 1/200 ஷட்டர், ஐஎஸ்ஓ 1600 வரை தாராளமாகப் போகலாம். துரத்திக்கொண்டு போவதில் பலனில்லை. க்ளவுன் மீன் தன் வீடான கடல் அனிமோனுக்குத்தான் திரும்பி வரும். அங்கே ஃபோகஸை வைத்துக் காத்திருந்தால் கண் கூர்மையாக விழும். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு வந்தால் அது கேமராவின் கோளாறு அல்ல. சில எல்.இ.டி. விளக்குகள் மிக வேகமாக அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. வெளிச்சத்தை முழுதாக ஏற்றினால் கோடு பெரும்பாலும் போய்விடும்.

அப்புறம், நிறத்தை மென்பொருளில் ஏற்றுவது பற்றி. கண்ணுக்குத் தெரிந்த அளவோடு நிறுத்திவிட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு. படத்தை நம்பிப் பவளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை வருடத்தில் எனக்கு மிகவும் உதவியது அழகான படங்கள் அல்ல, ஒரே இடத்தில் நின்று ஒரே அமைப்பில் வாரம்தோறும் எடுத்தவைதான். அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் அடிப்பகுதி வெளுப்பதை நேரில் தினமும் பார்க்கிற கண் தவறவிடும். அடுத்தடுத்து வைத்த படங்களில் அது உடனே தெரிந்துவிடும். இதற்கு வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒரே எண்ணில் பூட்டி, விளக்கும் அதே நேரத்து அளவில் எரியும்போது எடுக்க வேண்டும்.