டி2 ஸ்டீல்னு சொல்லி தலையில கட்டுன பாக்கெட் கத்தி, யாரும் ஏமாந்துடாதீங்க

நேத்து ராத்திரி விரல்ல தையல் போட்டுட்டு வந்தேன், ஆத்திரம் இன்னும் அடங்கல, அதான் இப்பவே எழுதிடுறேன். மூணு மாசம் சேர்த்து வச்ச காசுங்க, ஒரு மடக்குக் கத்திக்காகப் போச்சு.

எனக்கு குடோன்ல வேலை. நாள் முழுக்க அட்டைப்பெட்டி பிரிக்கணும், பிளாஸ்டிக் பட்டை அறுக்கணும், அதனால நல்லதா ஒண்ணு வாங்கி பாக்கெட்லயே வச்சுக்கலாம்னு கத்தி மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடையில பேசினேன். கண்ண மூடிட்டு வாங்கல, கேட்டுட்டுதான் வாங்கினேன். "அண்ணே, வேர்வை படும், சாவிக்கொத்தோட கிடக்கும், தாங்குமா?"ன்னு கேட்டேன். அதுக்கு வாய்ஸ் நோட்டே அனுப்பினார். "தம்பி, அசல் டி2 ஸ்டீல், துருவே பிடிக்காது, ரெண்டு வருஷமா நானே இதைத்தான் பாக்கெட்ல வச்சிருக்கேன், நம்பி வாங்குங்க"ன்னார். அவ்ளோ அக்கறையா சொன்னார். அந்த "தம்பி"யிலதான் விழுந்தேன், அடுத்த நிமிஷமே பணத்த அனுப்பிட்டேன்.

நாலாவது நாளே பேப்பர் கூட வெட்டல. அட்டைப்பெட்டி வெட்டினா கூர்மை சீக்கிரம் போயிடும்னு எனக்கும் தெரியும், ஆனா நாலு நாள்லயா? அப்புறம் சாவி உரசி கருப்பு கோட்டிங் போச்சு, போன இடத்துல பழுப்புப் புள்ளி. அப்புறம்தான் தேடிப் படிச்சேன். டி2ல துருவத் தடுக்கற குரோமியம் 11லருந்து 13 சதவீதம் வரை இருக்கு, ஆனா கார்பன் 1.5 சதவீதம் பக்கம் இருக்கறதால குரோமியத்துல நிறைய அந்த கார்பனோட சேர்ந்து கார்பைடா போயிடுது, முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது, வேர்வையோட விட்டா துரு பிடிக்கும். ஆக துருவே பிடிக்காதுங்கறது முதல் பொய். டூல் ரூம்ல வேலை பாக்குற நண்பன் கடினம் அளக்கற ராக்வெல் மெஷின்ல வச்சுப் பாத்தான், 53 காட்டுது. டி2 கத்தி வழக்கமா 58லருந்து 61 வரை இருக்கும். ஒண்ணு அது டி2வே இல்ல, இல்லாட்டி ஸ்டீலைச் சூடாக்கி ஆறவச்சு கடினமாக்கற ஹீட் ட்ரீட்மென்ட் உருப்படியா பண்ணல, எதுவா இருந்தாலும் மூணு மாசக் காசு போனது போனதுதான்.

இதெல்லாம் கூட பொறுத்துக்குவேன். கத்திய பாக்கெட் ஓரத்துல மாட்டி வைக்கற கிளிப்போட ஸ்க்ரூ எப்பவோ கழண்டு விழுந்திருக்கு, கத்தி பாக்கெட் அடியில படுத்துக் கிடந்திருக்கு. மடக்கி வச்ச பிளேடு தானா திறக்காம பிடிச்சு வைக்க உள்ள ஒரு சின்ன உருண்டை இருக்கும், இதுல அதோட பிடி ரொம்ப லூசு. நேத்து சாவி எடுக்க கைய விட்டேன், பிளேடு பாதி திறந்து நிக்குது. மூணு தையல்.

போட்டோ எல்லாம் அனுப்பி கேட்டா, தம்பி இப்ப சார் ஆயிட்டேன். "சார், நீங்க யூஸ் பண்ண விதம் தப்பு." அப்புறம் "பாக்கெட்ல வச்சா துரு பிடிக்கத்தான் செய்யும் சார்." பாக்கெட் கத்திய பாக்கெட்ல வைக்காம வேற எங்கங்க வைக்கிறது? அவர் வாய்ஸ் நோட்டையே திருப்பி அனுப்பினேன், "டீம் கிட்ட சொல்றோம்"னு ஒரு வரி, அதோட சரி. இன்னைக்குக் காலைல பாத்தா பிளாக். மூணு மாசக் காசு!

வாங்கறவங்களுக்கு விவரமா எழுதணும்னு நினைச்சேன், விரல் தெறிக்குது, முக்கியமானத மட்டும் சொல்றேன். பிளேடுல பொறிச்சிருக்கற எழுத்த நம்பாதீங்க. வந்ததும் மடக்கி வச்சு, ஆள் தள்ளி நின்னு, பிளேடு கீழ பாத்த மாதிரி உதறிப் பாருங்க, திறந்தா அன்னைக்கே திருப்பி அனுப்புங்க. கிளிப் ஸ்க்ரூல திரெட் லாக்கர்னு ஸ்க்ரூ தானா கழளாம பிடிச்சு வைக்கற பசை, அதுல கழட்ட முடியற வகை ஒரு சொட்டு விடுங்க. வேர்வை பட்டா துடைச்சு லேசா எண்ணெய். சாவி இருக்கற பாக்கெட்ல கத்தியே வேண்டாம்.

இப்பதான் நண்பன் போன்ல பாத்தோம், அதே கத்தி, அதே போட்டோ, "துருப்பிடிக்காது"ன்னு போட்டு இன்னும் வித்துட்டு இருக்காங்க.