சமூக மன்றத்தில் கமலானும் பரதமும்: பல ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் பாரம்பரிய இசை, நடன வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். முதலில் மகளைப் பரதநாட்டியத்தில் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் அம்மாவாக. அப்புறம் நானே கமலான் எனும் இந்தோனேசியக் கூட்டிசை வகுப்பின் மாணவியாக. சேரலாமா, பிள்ளையைச் சேர்க்கலாமா, கட்டும் காசுக்குத் தகுமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவே விரிவாக எழுதுகிறேன்.

சேருங்கள். ஆனால் விழா மேடையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சாதாரண வாரநாள் மாலையில், வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள்.

விழா மேடை எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு சிங்க நடனம், ஒரு மலாய் நடனம், ஒரு பரதம் அல்லது பாங்ரா, கடைசியில் எல்லாரும் கைகோத்து ஒரு பாட்டு. இந்த வடிவம் இன்று நேற்று வந்ததல்ல. 1959இல் சிங்கப்பூருக்குச் சுயாட்சி கிடைத்த கையோடு, கலாசார அமைச்சு தாவரப் பூங்காவில் ‘அனேகா ராகம் ராயாட்’ என்ற திறந்தவெளிக் கலைநிகழ்ச்சிகளைத் தொடங்கியது. எல்லா இனத்தாரின் ஆட்டமும் பாட்டும் ஒரே மேடையில் ஏறின. மறு ஆண்டு ஜூலை 1ஆம் தேதி மக்கள் கழகம் உருவாகி, சமூக மன்றங்களின் முன்னோடியான சமூக நிலையங்கள் அதன் பொறுப்பில் வந்தன. ஒருவர் கலையை மற்றவர் உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் அன்றைக்குத் தேவைப்பட்டது, இன்றைக்கும் தேவைதான். ஆனால் ஐந்து நிமிட ஆட்டத்தில் உடையும் நிறமும்தான் கண்ணில் படும். அந்தக் கலையின் கணக்கு பிடிபடாது. அதற்கு வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

கமலானை எடுத்துக்கொள்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். இந்தோனேசியாவின் வெண்கல வாத்தியக் கூட்டிசை. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எங்கள் மன்றத்தில் இருப்பது ஜாவா பாணிக் கமலான், அதுவும் முழுத் தொகுப்பு அல்ல. சில சாரோன்கள், போனாங் எனும் சிறு வெண்கலக் குடங்களின் வரிசை ஒன்று, கெண்டாங் எனும் மத்தளம், கோங் எனும் பெரிய தொங்கு வெண்கலத் தட்டு ஒன்று. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். வாத்தியத்தைத் தாண்டிப் போகக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். ஆசிரியர் இதைச் சொன்னபோது வகுப்பில் இருந்த தமிழர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

சாரோன் என்பது ஒரு மரப்பெட்டியின் மேல் வரிசையாக அடுக்கிய வெண்கலப் பட்டைகள். வலது கையில் மரச் சுத்தியல். தட்டிய பட்டை நெடுநேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அடுத்த பட்டையைத் தட்டும் அதே நொடியில், இடது கை முந்தைய பட்டையைப் பிடித்து அதன் ஒலியை நிறுத்த வேண்டும். சற்று முன்னதாகப் பிடித்தால் இசையில் ஓட்டை விழும். தாமதித்தால் இரண்டு சுரமும் கலந்து குழம்பிவிடும். தட்டுவது சீக்கிரம் வந்துவிடும், பிடிப்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். பார்வையாளர் யாரும் அந்த இடது கையைக் கவனிப்பதில்லை. வாசிப்பவரின் தரமோ அங்கேதான் இருக்கிறது.

தாளம் இன்னொரு கதை. சின்ன வயதில் தொடையில் தட்டி ஆதி தாளம் கற்றவள் நான். சமம் என்றால் எனக்கு முதல் அடி. கமலானில் நான்கு நான்காகச் சேரும் சுரங்களில் கனம் நான்காவதில் விழும். பெரிய கோங் சுற்றின் கடைசியில்தான் ஒலிக்கும். அது ஒலிக்கும்போதெல்லாம் ‘இதோ ஆரம்பம்’ என்று என் உடம்பு கிளம்பும், மற்றவர்கள் முடித்திருப்பார்கள். கோங் முடிவைச் சொல்கிறது என்று உடம்பு ஒப்புக்கொள்ள நெடுநாள் பிடித்தது. ஒப்புக்கொண்ட பிறகு நான் கச்சேரி கேட்பதே மாறிவிட்டது. தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை எனும் முடிப்புக் கணக்கு முடிந்து சமத்தில் வந்து விழுகிறதே, அந்த அடி முடிவாகவும் தொடக்கமாகவும் ஒரே சமயத்தில் கேட்கிறது. அத்தனை வருடம் கேட்டும் இது என் காதுக்கு எட்டியதில்லை. ஜாவா இசை படித்ததால் கர்நாடக இசை கூடுதலாகப் புரிந்தது என்றால் சிலர் நம்ப மாட்டார்கள். எனக்கு நடந்தது இதுதான்.

பக்கத்து அறையில் எர்ஹு எனும் இரு தந்திச் சீன வாத்தியத்தின் வகுப்பு. சீன இசையில் அதிகம் புழங்கும் ஐந்து சுர வரிசை நம் மோகனத்தின் சுரங்களேதான். ஒரு மாலை, வெளியே உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்த ஆன்ட்டியின் வாசிப்பைக் கேட்டு, என் மகள் ‘ஸ ரி க ப த’ என்று கூடவே பாடினாள். அவர் சிரித்துக்கொண்டே தன் தாளைத் திருப்பிக் காட்டினார். 1 2 3 5 6 என்று எண்கள். எங்கள் கமலான் தாளிலும் அதே எண்கள். பிரான்சில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய எண் குறியீட்டு முறையின் வழிவந்தவை இரண்டும்.

எண்கள் ஒன்றாக இருக்கின்றனவே, சேர்ந்து வாசிக்கலாம் என்று உட்கார்ந்தோம். சேரவில்லை. எங்கள் தொகுப்பு ஸ்லெண்ட்ரோ வகை. அதில் ஐந்து சுரங்களும் ஏறக்குறைய சம இடைவெளியில் இருக்கும், மோகனத்தில் அப்படி இல்லை. போதாததற்கு ஒவ்வொரு கமலான் தொகுப்புக்கும் அதற்கே உரிய சுருதி. செய்தவர் வைத்ததுதான் சட்டம், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. வெண்கலம் வளைந்து கொடுக்காது. ஆனால் எர்ஹுவில் வீணையைப் போல மெட்டுகள் கிடையாது, விரல் நகர்ந்தால் சுரமும் நகரும். அந்த ஆன்ட்டி அரை மணி நேரம் பொறுமையாக விரலைத் தேடித் தேடி வைத்து எங்கள் சுருதிக்கு வந்து சேர்ந்தார். மகள் பாடி வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. இந்த மன்றத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நேரம் அதுதான். எந்த விழாவின் நிகழ்ச்சி நிரலிலும் இது இல்லை.

இப்படிக் கலப்பது புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர் நடனக் கலைஞர் சாந்தா பாஸ்கர் 1958லேயே லியாங் ஷான்போ, சூ யிங்தாய் என்ற சீனக் காதல் கதையைப் பரதநாட்டியமாக அமைத்தார். பிறகு 1990இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். அவர் கணவர் கே.பி. பாஸ்கர் 1952இல் தொடங்கிய கலைக்கூடம் இப்போது வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள ஸ்டாம்ஃபர்ட் கலை நிலையத்தில் இயங்குகிறது. சீன இசைக் குழுவான டிங் யியும் அதே கட்டடத்தில்தான். அதே தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோவிலும் குவான் இம் கோவிலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதும், ஒன்றில் ஊதுவத்தி ஏற்றியவர்கள் மற்றதிலும் ஏற்றிவிட்டுப் போவதும் ஊரறிந்த விஷயம். சமூக மன்ற வகுப்பில் ஆர்வம் பிறந்து, இன்னும் ஆழமாகப் போக நினைப்பவர்கள் அங்கே ஒரு நடை போய் வாருங்கள்.

மகளின் பரதநாட்டிய வகுப்புக்கு வருகிறேன். ஆசிரியை அருமையானவர். மாதக்கணக்கில் தட்டடவு எனும் முதல் பாடத்தை விட்டு நகர மாட்டார், முழங்காலை மடக்கி அரைமண்டி உட்காராமல் ஒரு பிள்ளையையும் அடுத்த அடவுக்கு விட மாட்டார். விழாவுக்கு ஒரு சினிமாப் பாட்டு சொல்லிக்கொடுங்கள் என்று கேட்ட பெற்றோரை அன்பாகவே மறுத்துவிட்டார். எனக்கு இருந்த பெரிய குறை தரை. கான்கிரீட் மேல் ஒட்டிய வினைல். காலைத் தட்டி ஆடும் ஆட்டத்துக்கு அது ஆகவே ஆகாது, வளரும் பிள்ளைகளின் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். அடியில் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தளம் வேண்டும். பெற்றோர் விடாமல் கேட்டதில் இப்போது மரத்தளம் உள்ள அறை கிடைத்திருக்கிறது, அதுவும் எல்லா வாரமும் இல்லை. எந்த மன்றத்தில் சேர்த்தாலும் பணம் கட்டும் முன் அந்த அறைக்குள் போய், வெறுங்காலால் நாலு தட்டு தட்டிப் பாருங்கள். கண்ணாடி இருக்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

தோல் வாத்தியம் கற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரப்பதத்தில் நடந்து வந்து குளிரூட்டிய அறைக்குள் நுழைந்ததும் மிருதங்கத்தின் சுருதி மாறத் தொடங்கிவிடும். எர்ஹுவின் மலைப்பாம்புத் தோல், மலாய்க் கைமத்தளமான கொம்பாங்கின் ஆட்டுத்தோல் எல்லாவற்றுக்கும் இதே பாடுதான். சீக்கிரமே வந்து உறையைத் திறந்து வாத்தியத்தை அறையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, பிறகு சுருதி சேருங்கள்.

டிக்கிர் பாராட் எனும் மலாய்க் குழுப்பாட்டு வகுப்பும் உண்டு. அக்கா மகன் போகிறான். மலேசியாவின் கிளந்தானிலிருந்து வந்த கலை அது. தோக் ஜுவாரா பாட்டை எடுத்துக் கொடுப்பார், துக்காங் காருட் அந்த இடத்திலேயே வரி கட்டிப் பாடுவார், பின்னால் உட்கார்ந்த அவோக்-அவோக் குழு கைதட்டி உடம்பை அசைத்துப் பதில் பாடும். நம் எசப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். பிள்ளைகளுக்கு வாத்தியம் எதுவும் வாங்க வேண்டாம், துறுதுறுவென்ற பையன்களுக்கு மிகவும் ஏற்றது. என்ன, மலாய் மொழியில்தான் எல்லாம் நடக்கும். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. பள்ளியில் வராத மலாய்ச் சொற்கள் அவன் வாயில் பாட்டாக வருகின்றன.

கட்டணம் நியாயம்தான். மகள் முன்பு போன தனியார் வகுப்பில் கட்டியதில் ஏறக்குறைய பாதி. சிக்கல் வேறிடத்தில். குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் வகுப்பு ரத்து. எங்கள் கமலான் வகுப்பே ஒரு பருவம் அப்படி நின்றுபோனது. யோகாவுக்கும் ஸும்பாவுக்கும் ஆள் தானாக வந்துவிடும், கமலானுக்கு வருமா? அரிய கலைக்கும் அதே தலைக்கணக்கை வைப்பது தவறு என்று எழுத்து மூலம் சொன்னோம். பதிலாக வந்தது விதிமுறையின் நகல் மட்டுமே. பிறகு நாங்களே புளோக் புளோக்காகச் சொல்லி ஆள் திரட்டித்தான் வகுப்பை மீட்டோம்.

கொவிட் பரவலால் 2020 ஏப்ரலில் எல்லாம் மூடப்பட்டபோது பரதம் திரை வழியாக ஓடியது. கமலான் ஓடவில்லை. அதை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, வீட்டில் தனியாக வாசிக்கவும் ஒன்றுமில்லை. திறந்த பிறகும் பாடுவதற்கும் ஊதும் வாத்தியங்களுக்கும் கட்டுப்பாடு நெடுநாள் நீடித்தது. அந்த இடைவெளியில் மூத்த உறுப்பினர் சிலர் திரும்பி வரவே இல்லை. வீட்டில் பயிற்சி செய்ய முடியாத கலையில் சேர்பவர்கள், வகுப்பு இல்லாத நேரத்தில் அறை கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர அட்டவணையையும் கவனியுங்கள். நோன்பு மாதத்தில் மாலை வகுப்புகள் நேரம் மாறும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் சிங்க நடனப் பயிற்சியின் மத்தளம் கட்டடம் முழுக்க அதிரும், வேறு எதுவும் காதில் விழாது. அந்த வாரங்களில் எங்கள் ஆசிரியர் வாத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தாளக் கணக்கை மட்டும் கையால் போடவைப்பார். நல்ல ஏற்பாடு.

மன்றங்களில் இந்தியர் நற்பணிக்கு ஒரு செயற்குழு, மலாய்க்காரர் நற்பணிக்கு ஒரு செயற்குழு என்று தனித்தனியாக இருப்பது வழக்கம். அவரவர் பண்டிகையை அவரவர் குழு மிகுந்த பொறுப்போடு நடத்துகிறது. ஓய்வு நேரத்தைக் கொடுத்து உழைக்கும் தொண்டூழியர்கள் அவர்கள், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வகுப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இந்த அமைப்பில் யாருக்கும் பொறுப்பு இல்லை. அந்த எர்ஹு ஆன்ட்டியை நாங்கள் சந்தித்தது அவர் வெளியே உட்கார்ந்து வாசித்ததால் மட்டுமே.

ஞாயிறு மதியம் பெரிய இசை அறை பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது. மாதம் ஒருமுறை, எல்லா வகுப்பு மாணவர்களும் வாத்தியத்தோடு வந்து உட்கார அந்த அறையை இலவசமாகத் திறந்துவிடுங்கள், மேடையும் வேண்டாம், உடையும் வேண்டாம் என்று மூன்று வகுப்புப் பெற்றோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த பருவப் பதிவுக்கு முன் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மன்றத்திலும் இதைக் கேட்டுப் பாருங்கள், ஒரு வகுப்பின் பெயரில் கேட்காமல் பல வகுப்புகளின் பெயரில் கேளுங்கள்.